தெரிகிற கண்ணை ஏன் மூடினோம்?

சோம்பேறிக் கண் (பெரும்பாலும் ஒரு கண்ணில் மட்டும் பார்வை பின்தங்கிவிடும் கோளாறு) உள்ள குழந்தையின் வீட்டாரிடம் உறவுக்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி, "அதான் கண்ணாடி போட்டாச்சுல்ல, இன்னும் என்ன?" என்பது. அடுத்தது, நல்ல கண்ணை மறைக்க அதன் மேல் பேட்ச் ஒட்டியதைப் பார்த்ததும் வரும். எங்கள் வீட்டில் அதைக் கேட்டவர் என் மாமியார், நான் அத்தை என்று கூப்பிடுபவர். "தெரியாத கண்ண விட்டுட்டு தெரியிற கண்ணப் போயி மூடுறியே, புள்ள தடுக்கி விழுந்தா என்ன பண்ணுவ?"

நியாயமான கேள்விதான். அதற்கான பதில் பின்மண்டையில் இருக்கிறது. அது புரிந்த பிறகுதான் அந்த வைத்தியத்தை எரிச்சல் இல்லாமல் செய்ய முடிந்தது. அதனால் புரிந்துகொண்டதையும் செய்ததையும் கலந்தே எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை. எத்தனை மணி நேரம், எந்தச் சொட்டு என்பதையெல்லாம் உங்கள் குழந்தையைப் பார்க்கும் கண் மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

மகள் யுகேஜி படிக்கும்போது பள்ளியில் கண் பரிசோதனை நடந்தது. வலது கண் 6/6, இடது கண்ணை மருத்துவமனையில் காட்டவும் என்று சீட்டு வந்தது. எங்களுக்கு நம்பிக்கையே இல்லை. மாறுகண் கிடையாது, தலைவலி என்று சொன்னதில்லை, தரையில் ஊரும் எறும்பைக் கூட விரட்டுவாள். இரண்டு கண்ணையும் திறந்து வைத்திருக்கும் குழந்தைக்கு, தான் ஒரு கண்ணால்தான் பார்க்கிறோம் என்பது எப்படித் தெரியும்? இந்தக் கோளாறு தங்கிப் போவதற்கு முக்கியக் காரணமே குழந்தை புகார் சொல்லாததுதான்.

மருத்துவமனையில் சொட்டு மருந்து விட்டு, கண்மணி விரிந்த பிறகு பார்த்தார்கள். கண்ணாடிப் பவர் வலது கண்ணில் பிளஸ் ஒன்றரை, இடது கண்ணில் பிளஸ் ஐந்து. சரியான பவரைப் போட்டுப் படிக்கச் சொன்னாலும் இடது கண் 6/36ஐத் தாண்டவில்லை. அதாவது, மற்றவர்கள் 36 மீட்டர் தூரத்திலிருந்தே படித்துவிடும் எழுத்தை இவள் 6 மீட்டருக்கு வந்துதான் படிக்கிறாள். "விழித்திரை, நரம்பு எல்லாம் நல்லா இருக்கும்மா. கண்ணு ஒழுங்காத்தான் அனுப்புது, மூளைதான் வாங்கிக்க மாட்டேங்குது" என்றார் டாக்டர்.

அந்த "வாங்கிக்க மாட்டேங்குது" என்றால் என்ன என்று தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

ஒவ்வொரு கண்ணின் விழித்திரையிலும் ஒளியை உணரும் செல்கள் சுமார் 12 கோடி. ஆனால் கண்ணிலிருந்து கிளம்பும் பார்வை நரம்பில் 10, 12 லட்சம் இழைகள்தான். கண்ணுக்குள்ளேயே பெரிய அளவில் சுருக்கும் வேலை முடிந்துவிடுகிறது. அப்புறம் மூளையின் அடியில் இரண்டு நரம்புகளும் சந்திக்கின்றன. அங்கே ஏறக்குறைய பாதி இழைகள் பக்கம் மாறுகின்றன. இடது கண் பார்ப்பது முழுக்க வலது மூளைக்குப் போகிறது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அப்படியில்லை. இரண்டு கண்ணும் சேர்ந்து பார்க்கிற இடப்பக்கக் காட்சி வலது மூளைக்கும், வலப்பக்கக் காட்சி இடது மூளைக்கும் போகின்றன. ஆகவே மூளையின் இரண்டு பாதிக்குமே இரண்டு கண்ணின் சேதியும் வந்து சேர்கிறது.

வழியில், மூளையின் நடுவே தலாமஸ். மோப்பம் தவிர மற்ற புலன்கள் எல்லாமே மூளையின் வெளி அடுக்கான புறணிக்குப் போகும் முன் இங்கே வந்துதான் போக வேண்டும். பார்வைக்கான பகுதியில் ஆறு அடுக்குகள், கண்ணுக்கு மூன்று வீதம். இதுவரை இரண்டு கண்ணும் கலக்கவே இல்லை. இன்னொன்று: தலாமஸின் இந்தப் பகுதிக்கு விழித்திரையிலிருந்து வரும் இணைப்புகளைவிட, புறணியிலிருந்து திரும்பி வரும் இணைப்புகள்தான் அதிகம். கண் அனுப்புவதை மூளை அப்படியே வாங்கி வைத்துக்கொள்வதில்லை என்பது இங்கேயே தெரிந்துவிடுகிறது.

கடைசியாகப் பின்மண்டையில் உள்ள முதல் பார்வைப் புறணி. அதன் தடிமன் அங்கே சுமார் 2 மில்லிமீட்டர்தான். அதற்குள்ளும் ஆறு அடுக்குகள். கண்களின் சேதி நான்காவது அடுக்கில் வந்து இறங்குகிறது, அதுவும் வலது கண்ணுக்கு ஒரு பட்டை, இடது கண்ணுக்கு ஒரு பட்டை என்று மாறி மாறி. ஒவ்வொரு பட்டையும் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவான அகலம். அந்த அடுக்குக்கு மேலேயும் கீழேயும்தான் முதல்முறையாக ஒரே செல் இரண்டு கண்ணின் பேச்சையும் கேட்கிறது. இரண்டு கண்ணுக்கும் இடையிலான சின்ன வித்தியாசத்தை வைத்து எது பக்கத்தில், எது தூரத்தில் என்று கணக்குப் போடும் வேலை இங்கே ஆரம்பமாகிறது.

பின்மண்டையின் எந்த மூலை பார்வையின் எந்தப் பகுதியைக் கவனிக்கிறது என்பதைக் கண்டுபிடித்த கதை விசித்திரமானது. ரஷ்ய ஜப்பானியப் போர் 1904, 1905இல் நடந்தது. அப்போதைய ரஷ்யத் துப்பாக்கிக் குண்டுகள் சிறியவை, வேகமானவை. தலையைத் துளைத்துக்கொண்டு மறுபக்கம் போனாலும் சில வீரர்கள் பிழைத்துவிட்டார்கள். அவர்களுக்கு ஓய்வூதியம் கணக்கிட, யாருக்கு எவ்வளவு பார்வை போயிருக்கிறது என்று அளக்கும் வேலை தத்சுஜி இனோயே என்ற ஜப்பானியக் கண் மருத்துவருக்கு வந்தது. குண்டு நுழைந்த துளையையும் வெளியேறிய துளையையும் கோடாக இணைத்து, பார்வையில் விழுந்த ஓட்டையோடு ஒப்பிட்டு, 1909இல் வரைபடமே போட்டுவிட்டார். பென்ஷன் கணக்கிலிருந்து ஓர் அறிவியல்! நாம் உற்றுப் பார்க்கும் புள்ளியைச் சுற்றியுள்ள சிறு வட்டத்துக்கு மூளை மிகப் பெரிய இடம் ஒதுக்குகிறது என்பது அப்போதே தெரிந்துவிட்டது. பார்வையின் மையத்திலிருந்து பத்து டிகிரிக்குள் இருப்பதற்கு மட்டும் முதல் பார்வைப் புறணியில் பாதிக்கும் மேலான பரப்பு. எழுத்துப் படிப்பதெல்லாம் அந்தச் சிறு வட்டத்தில்தான். சோம்பேறிக் கண் அடிபடுவதும் அங்கேதான்.

சரி, அத்தை கேட்டதற்கு வருகிறேன். அதற்கு விடை சொன்னவர்கள் டேவிட் ஹியூபல், டார்ஸ்டன் வீசல் என்ற இரண்டு மூளை ஆய்வாளர்கள். 1958இல் அமெரிக்காவின் பால்டிமோரில், மயக்க நிலையில் இருந்த பூனையின் பார்வைப் புறணியில் மெல்லிய மின்முனையைச் செருகி, கண்ணாடிச் சில்லுகளில் உள்ள புள்ளிகளைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். செல் அசைந்துகொடுக்கவில்லை. ஒரு சில்லை மாற்றிச் செருகும்போது அதன் விளிம்பின் நிழல் மெல்லிய கோடாகத் திரையில் நகர்ந்தது. செல் படபடவென்று துடித்தது. புள்ளியை அது சட்டை செய்யவில்லை. குறிப்பிட்ட சாய்வில் நகரும் கோடுதான் அதற்கு வேண்டியிருந்தது. பக்கத்துச் செல்லுக்கு இன்னொரு சாய்வு. கண்ணுக்குள் புள்ளி புள்ளியாக விழும் வெளிச்சத்திலிருந்து புறணி முதலில் எடுப்பது கோடுகளையும் விளிம்புகளையும்தான்.

எங்களுக்கு வேண்டியது அவர்களுடைய அடுத்த வேலை. 1960களில், பிறந்த பூனைக்குட்டிகளின் ஒரு கண்ணின் இமையைத் தைத்து மூடி, இரண்டு மூன்று மாதம் கழித்துத் திறந்தார்கள். படிக்கும்போதே மனசு கஷ்டப்படும், ஆனாலும் முடிவு முக்கியமானது. விழித்திரை வேலை செய்தது. தலாமஸ் செல்கள் சுருங்கியிருந்தாலும் அந்தக் கண்ணுக்குப் பதில் சொல்லின. புறணியில் மட்டும் அந்தக் கண்ணுக்குப் பதில் சொல்லும் செல்கள் கிட்டத்தட்ட இல்லை. எல்லாவற்றையும் திறந்திருந்த கண் எடுத்துக்கொண்டுவிட்டது. வளர்ந்த பூனைக்கு இதையே செய்தபோது ஒன்றும் ஆகவில்லை. அப்புறம் குட்டிகளின் இரண்டு கண்ணையும் மூடிப் பார்த்தார்கள். புறணி மொத்தமும் செத்துப்போயிருக்கும் என்றுதானே நினைப்போம்? பல செல்கள் இன்னும் பதில் சொல்லிக்கொண்டிருந்தன. ஒரு கண்ணை மட்டும் மூடியபோது இழந்த அளவு இங்கே இழக்கவில்லை. 1981இல் இருவரும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

ஆக, உபயோகம் இல்லாததால் மட்டும் ஒரு கண் புறணியை இழப்பதில்லை. பக்கத்தில் இன்னொரு கண் சுறுசுறுப்பாக இருப்பதால்தான் இழக்கிறது. உழாமல் விட்ட வயலின் வரப்பைப் பக்கத்து வயல்காரர் வருஷத்துக்கு ஒரு முழம் நகர்த்துவாரே, அந்த மாதிரி. இடது கண்ணுக்குக் கண்ணாடி போட்டுத் தெளிவான பிம்பம் தந்தாலும், வலது கண் திறந்திருக்கும் வரை புறணி வலது கண்ணையேதான் கேட்கும். அத்தையிடம் இதைச் சொன்னபோது, "அப்ப மூத்தவன வெளியூருக்கு அனுப்பிட்டு எளையவனுக்குப் பங்கு வாங்குற கதைன்னு சொல்லு" என்றார். என்னைவிடச் சுருக்கமாகப் புரிந்துகொண்டார்.

எங்கள் மகளுக்கு எப்படி வந்தது? கண்ணுக்குள் இருக்கும் லென்ஸை மூளைதான் இறுக்கிக் குவியம் பண்ணுகிறது, ஆனால் இரண்டு கண்ணுக்கும் ஒரே அளவு கட்டளைதான் போகும். பிளஸ் ஒன்றரைக்குத் தேவையான அளவு இறுக்கியதும் வலது கண் தெளிவாகிவிட்டது. பிளஸ் ஐந்துக்காக அதற்கு மேல் இறுக்க மூளைக்கு ஒரு காரணமும் இல்லை. இடது கண்ணின் படம் பிறந்ததிலிருந்தே மங்கல். மாறுகண் உள்ள குழந்தைகளுக்கு வேறு வழியில் இதே கதி. இரண்டு கண் இரண்டு இடத்தைப் பார்த்தால் இரட்டைக் காட்சி வரும், அதைத் தவிர்க்க மூளை ஒன்றை அமுக்கிவிடும். "மாறுகண் அதிர்ஷ்டம்" என்று நம் ஊரில் சொல்லிச் சொல்லியே எத்தனை குழந்தைகளின் கண் வீணாகியிருக்கிறதோ.

முதல் வைத்தியம் கண்ணாடிதான். பேட்ச் அதற்கு அப்புறம். கண்ணாடிக் கடையில் ஒருவர், "சின்னப் புள்ளைக்கு இவ்வளவு பவர் தாங்காது, கொஞ்சம் குறைச்சுப் போட்டுத் தரேன்" என்றார். சீட்டில் எழுதியதை அப்படியே போடுங்கள் என்று சொல்லிவிட்டோம். குறைக்கலாமா என்பதைச் சொல்ல வேண்டியவர் டாக்டர், கடைக்காரர் இல்லை. உடையாத பாலிகார்பனேட் லென்ஸ், தலைக்குப் பின்னால் மாட்டும் பட்டை, மூக்கில் வழுக்காத பிளாஸ்டிக் பிரேம், இந்த மூன்றுக்கும் காசு பார்க்காதீர்கள். கண்ணாடி மூக்கில் இறங்கினால் குழந்தை அதற்கு மேலாகப் பார்க்கும், போட்டதும் போடாததும் ஒன்றுதான்.

சில மாதம் வெறும் கண்ணாடி மட்டும். இது காத்திருப்பு மாதிரித் தெரியும், ஆனால் இதுவே வைத்தியம். இரண்டு கண்ணுக்கும் பவர் வித்தியாசத்தால் வந்த சோம்பேறிக் கண்ணில் ஏறக்குறைய நாலில் ஒரு குழந்தைக்குக் கண்ணாடியிலேயே முழுதாகச் சரியாகிவிடுகிறது என்று அமெரிக்கக் குழந்தைக் கண் மருத்துவர்களின் கூட்டு ஆய்வு ஒன்று காட்டியிருக்கிறது. எங்களுக்கு 6/36 என்பது 6/24 வரை வந்து நின்றது.

அதன் பிறகு பேட்ச். தினமும் 2 மணி நேரம். எனக்கு 2 மணி நேரம் ரொம்பக் குறைவாகப் பட்டது. ஆனால் மிதமான குறைபாட்டுக்கு 2 மணி நேரமும் 6 மணி நேரமும் ஒரே பலனைத் தருகின்றன என்று 2003இல் வெளியான ஆய்வு சொல்கிறது. கடுமையான குறைபாட்டுக்கு 6 மணி நேரமும் நாள் முழுக்க மூடுவதும் ஒன்றுதான் என்று இன்னோர் ஆய்வு. ஆகவே பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு நாள் முழுக்க ஒட்டினார்கள் என்று கேட்டு நீங்களாகக் கூட்டாதீர்கள். எங்களுக்கு நடுவில் முன்னேற்றம் நின்றபோது டாக்டரே 6 மணி நேரமாக்கினார்.

பேட்சைக் கண்ணாடியின் மேல் ஒட்டாமல் தோலின் மேல்தான் ஒட்ட வேண்டும், அதற்கு மேல் கண்ணாடி. லென்ஸில் ஒட்டினால் பக்கவாட்டில் எட்டிப் பார்த்துவிடுவார்கள். ரப்பர் போட்டு மாட்டுகிற கறுப்பு மூடியிலும் அதே கதைதான். நம் ஊர் வெயிலில் வியர்த்தால் பேட்ச் உரிந்துவிடும், தோலும் சிவக்கும். காலையில் குளிப்பாட்டி, முகத்தை நன்றாகத் துடைத்து, பவுடர் போடாமல் ஒட்டினால் நிற்கும். எடுக்கும்போது ஓரத்தில் துளி தேங்காய் எண்ணெய் தடவி ஊறவிட்டு உரிக்க வேண்டும். சடாரென்று இழுத்தால் அடுத்த நாள் ஒட்டவே விட மாட்டார்கள். பேட்சே ஒத்துவரவில்லை என்றால் நல்ல கண்ணில் அட்ரோபின் சொட்டு விட்டு மங்கலாக்கும் வழி இருக்கிறது. பல குழந்தைகளுக்கு அது பேட்சுக்கு ஈடான பலன் தருவதாக 2002 ஆய்வு காட்டியது. டாக்டரிடம் கேளுங்கள்.

முதல் சில நாட்கள் பேட்சோடு தனியாக மாடிப்படியில் விடாதீர்கள். அத்தை பயந்தது வீண் பயம் இல்லை.

பேட்ச் நேரத்தில் என்ன செய்ய வைப்பது? பக்கத்தில் வைத்துப் பார்க்கும் நுணுக்கமான வேலைதான் கொடுக்க வேண்டும் என்று ஊரெல்லாம் சொல்வார்கள். பக்கத்து வேலை, தூரத்து வேலை இரண்டையும் ஒப்பிட்ட ஆய்வில் பெரிய வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. குழந்தை பேட்சைப் பிய்க்காமல் எதில் லயித்து உட்காருமோ அதுதான் நல்ல வேலை, அது டிவியாக இருந்தாலும் சரி. எங்கள் மகள் அத்தையோடு கோலம் போட உட்கார்ந்தாள்.

அந்தக் கோலத்தில்தான் நான் ஒரு விஷயத்தைக் கண்ணால் பார்த்தேன். புள்ளிகளை இரண்டு விரல் இடைவெளியில் வைத்தால் இடது கண்ணால் தடுமாறாமல் இணைத்தாள். நெருக்கி வைத்ததும் சாக்பீஸ் ஒரு வரிசையிலிருந்து அடுத்த வரிசைக்குத் தாவியது. ஏழு புள்ளியை ஐந்து என்று எண்ணினாள். "எல்லாம் ஒட்டிக்கிட்டு நிக்குதும்மா" என்றாள். ஆஸ்பத்திரியில் தனி எழுத்தைக் காட்டினால் படித்துவிட்டு, அதே அளவு எழுத்துகளை வரிசையாகக் காட்டும்போது திணறியதும் இதனால்தான். சோம்பேறிக் கண்ணின் அடையாளமே, நெருங்கி நிற்பவை ஒட்டித் தெரியும் இந்த நெரிசல்தான். கண்ணின் கூர்மை மட்டுமே பிரச்சினையாக இருந்தால் தனி எழுத்துக்கும் வரிசைக்கும் இவ்வளவு வித்தியாசம் வராது. பக்கத்துப் பக்கத்து வடிவங்களைப் பிரித்தெடுக்கும் வேலையில் புறணி பின்தங்கியிருக்கிறது. அத்தை புள்ளிகளின் இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வந்தார். அதனால்தான் குணமானது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அடுத்த பரிசோதனைக்கு முன்னாலேயே முன்னேற்றம் எங்களுக்குத் தெரிந்தது, அது பெரிய தெம்பு.

பள்ளியிலும் இதையே எழுதிக்கொடுத்தோம்: முதல் வரிசையில் உட்கார வைக்கவும், பேட்ச் நேரத்தில் நெருக்கமான எழுத்தைப் படிக்கவில்லை என்று திட்ட வேண்டாம், மற்ற பிள்ளைகள் கேட்டால் "கண்ணுக்கு உடற்பயிற்சி" என்று சொல்லவும். டீச்சர் பேட்சின் மேல் பூ வரைந்துவிட்டார். அத்தோடு கேலி நின்றது.

மறு பரிசோதனை நாளைத் தள்ளிப் போடவே கூடாது. அளவுக்கு மேல் மூடினால் நல்ல கண்ணே பின்தங்கலாம். அந்தப் போட்டி இரண்டு பக்கமும் நடக்கக்கூடியது. அதனால் ஒவ்வொரு முறையும் வலது கண்ணையும் சேர்த்துத்தான் அளப்பார்கள்.

இடது கண் 6/9 வந்ததும் எங்களுக்கு ஒரே குஷி, பேட்சைத் தூக்கிப் போட்டுவிடலாம் என்று. டாக்டர் விடவில்லை. சிகிச்சையை நிறுத்திய ஓராண்டுக்குள் ஏறக்குறைய நாலில் ஒரு குழந்தைக்குப் பார்வை மறுபடி குறைகிறது. 6, 8 மணி நேரம் ஒட்டிக்கொண்டிருந்ததைத் திடீரென்று நிறுத்தியவர்களில் அது இன்னும் அதிகம், முதலில் 2 மணி நேரமாகக் குறைத்து நிறுத்தியவர்களில் கம்மி. பலர் கோட்டை விடுவது இங்கேதான். நாங்கள் 6 மணி நேரத்தை 2 ஆக்கி, அப்புறம் விட்டோம். கண்ணாடி தொடர்கிறது. பேட்சோடு கண்ணாடியும் போய்விடும் என்று யாரும் எண்ண வேண்டாம்.

ஆழம் பார்க்கும் சோதனையில் ஒரு பெரிய ஈயின் படம் காட்டுவார்கள். தனிக் கண்ணாடி போட்டுப் பார்த்தால் ஈயின் இறக்கை புத்தகத்துக்கு மேலே எழுந்து நிற்பது போலத் தெரியும். முதல் முறை மகள் தாளைத் தட்டையாகத் தொட்டாள். கடைசியாகப் போனபோது தாளுக்கு மேலே காற்றில் விரலைக் குவித்து இறக்கையைக் கிள்ளப் பார்த்தாள், உடனே அருவருத்துக் கையை இழுத்துக்கொண்டாள். இரண்டு கண்ணையும் கேட்கும் செல்கள் அவள் புறணியில் கொஞ்சமாவது வேலைக்கு வந்துவிட்டன. நுண்ணிய சோதனைகளில் இன்னும் பின்தங்கித்தான் இருக்கிறாள்.

"ஏழு வயசு தாண்டிட்டா ஒண்ணும் பண்ண முடியாது" என்று சொல்லிக் கைவிட்டுவிடுபவர்கள் உண்டு. சின்ன வயதில் பலன் அதிகம் என்பது உண்மை. ஆனால் 2005இல் வெளியான ஆய்வில் 7 முதல் 12 வயதுப் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு முன்னேற்றம் தெரிந்தது. அதற்கு மேற்பட்ட வயதிலும், முன்பு சிகிச்சையே எடுக்காதவர்களில் சிலருக்குப் பலன் கிடைத்தது. குழந்தைப் பருவத்திலிருந்தே மாறுகண் இருந்த சூசன் பாரி என்ற அமெரிக்க நரம்பியல் பேராசிரியர், பயிற்சிக்குப் பிறகு 48 வயதில் முதன்முதலாக ஆழத்தைப் பார்த்தார். ஆனால் இதை வைத்து ஐந்து வயதுக் குழந்தைக்கு "மெதுவாப் பாத்துக்கலாம்" என்று விடுவது தப்பு. பிறவியிலேயே ஒரு கண்ணில் அடர்ந்த புரை இருந்தால் பிறந்த ஆறேழு வாரத்துக்குள் அறுவை செய்ய வேண்டும் என்று அவசரப்படுத்துகிறார்களே, அதற்கும் இதே புறணிப் போட்டிதான் காரணம். பிளாஷ் போட்டு எடுத்த போட்டோவில் குழந்தையின் ஒரு கண்மணி வெள்ளையாகத் தெரிந்தால் புரையாகவும் இருக்கலாம், விழித்திரைக் கட்டியாகவும் இருக்கலாம். அதற்கு ஒரு நாள் கூடத் தாமதிக்காதீர்கள்.

பவர் வித்தியாசம் குடும்பத்தில் ஓடும் என்பதால் மூன்று வயது முடிந்ததும் தம்பியையும் கூட்டிப் போனோம். எழுத்து தெரியாத வயது. படத்தைக் காட்டி, கையில் இருக்கும் அட்டையில் அதே படத்தைத் தொடச் சொன்னார்கள். அவனுக்கு இப்போதைக்கு ஒன்றும் இல்லை, அடுத்த வருஷம் வரச் சொல்லியிருக்கிறார்கள். நீங்கள் போகும்போது இரண்டு விஷயத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கண்ணையும் நன்றாக மூடித் தனித்தனியாகப் பார்க்கச் சொல்லுங்கள், குழந்தையின் கை விரலிடுக்கு வழியாகப் பார்க்கிற மூடல் வேண்டாம். தனி எழுத்தாகக் காட்டாமல் வரிசையாகக் காட்டச் சொல்லுங்கள்.